அட்டையில் ஒரு வரி

ருவாண்டா 1994: ஓர் இனப்படுகொலையை எங்கிருந்து படிக்கத் தொடங்குவது?

ருவாண்டாவின் பழைய அடையாள அட்டையில் ஹூட்டு, டுட்சி, ட்வா, வெளியிலிருந்து வந்து குடியுரிமை பெற்றவர் என நான்கும் ஒரே வரியில் அச்சாகியிருக்கும். அட்டை எழுதித் தருகிற குமாஸ்தா பேனாவால் மூன்றை அடித்துவிட்டு ஒன்றை விட்டுவைப்பார். 1994 ஏப்ரல் 7ஆம் தேதியிலிருந்து தலைநகர் கிகாலியின் தெருமுனைகளில் மரக்கட்டையும் கல்லும் போட்டு வழியை மறித்தார்கள். மறித்தவர்கள் கையில் வெட்டுக்கத்தி, ஆணி அடித்த தடி, சிலரிடம் கையெறி குண்டு. வந்தவரிடம் முதலில் கேட்டது அந்த அட்டையை. டுட்சி என்ற சொல் அடிபடாமல் இருந்தால் ஆளை ஓரமாக நிறுத்தினார்கள். அட்டை தொலைந்துவிட்டது என்று சொன்னவருக்கும் பெரும்பாலும் அதே கதிதான்.

அதற்கு முந்தைய இரவு அதிபர் ஜுவனால் ஹப்யாரிமானாவும் பக்கத்து நாடான புருண்டியின் அதிபரும் வந்த விமானம் கிகாலி விமான நிலையத்தருகே சுட்டு வீழ்த்தப்பட்டது. சுட்டது யார் என்ற வாக்குவாதம் இன்றும் ஓயவில்லை. அடுத்து நடந்ததில் வாக்குவாதத்துக்கு இடமில்லை. சில மணி நேரத்தில் மறியல்கள் எழுந்தன. பிரதமர் அகாத் உவிலிங்கியிமானா காலையிலேயே கொல்லப்பட்டார். அவர் ஹூட்டு, டுட்சி கிளர்ச்சிப் படையோடு சமரசத்தை ஆதரித்ததுதான் அவர் செய்த குற்றம். அவருக்குக் காவலாக அனுப்பப்பட்ட ஐ.நா. படையின் 10 பெல்ஜிய வீரர்களும் அன்றே கொல்லப்பட்டார்கள். ஜூலை நடுப்பகுதி வரை, சுமார் 100 நாள், கொலை நிற்கவில்லை. இறந்தவர்கள் குறைந்தது 5 லட்சம் என்கிறது மனித உரிமைக் கண்காணிப்பகம். ஐ.நா. சொல்வது 8 லட்சம். ருவாண்டா அரசின் கணக்கு 10 லட்சத்தைத் தாண்டுகிறது. பரப்பில் தமிழ்நாட்டில் ஐந்தில் ஒரு பங்குதான் அந்த நாடு. அங்கிருந்த டுட்சிகளில் நான்கில் மூன்று பேர் போய்விட்டார்கள் என்பது ஆய்வாளர்களின் மதிப்பீடு.

அன்று உலகப் பத்திரிகைகள் பலவும் இதைப் ‘பழங்குடிகளின் பழம்பகை’ என்று எழுதின. திடீரென்று வெடித்த வெறி, பிறகு தானாக அடங்கியது என்பது போல. இந்தக் கதை எல்லோருக்கும் வசதியானது. வெறிக்கு யாரும் பொறுப்பில்லை, தூரத்தில் இருந்தவர்கள் தடுத்திருக்கவும் முடியாது. முப்பது ஆண்டு ஆய்வு காட்டுவது வேறு. அங்கே நடந்ததில் பெரும்பகுதி அலுவலக வேலை. கூட்டம் போட்டு, ஆணை அனுப்பி, பட்டியல் எழுதி, எதிர்த்த அதிகாரியை மாற்றி, சரக்கு இறக்குமதி செய்து நடத்திய வேலை. இனப்படுகொலை வரலாற்றைப் படிக்க வருகிறவர் மண்டை ஓடுகளின் படங்களில் தொடங்கினால் அங்கேயே உறைந்துவிடுவார். கோப்புகளில் தொடங்க வேண்டும் என்பதே என் கட்சி.

அட்டை எப்படி வந்தது

ஹூட்டுவும் டுட்சியும் பேசுவது ஒரே மொழி, கின்யருவாண்டா. கும்பிடுவது ஒரே தெய்வம். ஒரே மலைச்சரிவில் அடுத்தடுத்த வீடுகள், கொண்டான் கொடுத்தான் உறவு. மன்னராட்சிக் காலத்தில் டுட்சி என்றால் மாடு உள்ளவர், அரசவைக்கு நெருக்கமானவர் என்ற பொருள் வலுத்திருந்தது. வேறுபாடு இருந்தது, சுரண்டலும் இருந்தது. ஆனால் வசதி வந்த ஹூட்டு காலப்போக்கில் டுட்சியாக மதிக்கப்படவும், நொடித்த டுட்சி ஹூட்டுவாகக் கரைந்துபோகவும் வழி இருந்தது.

ஜெர்மானியருக்குப் பின் ஆள வந்த பெல்ஜியத்துக்கு இந்த இழுபறி பிடிக்கவில்லை. உயரமும் மூக்கும் அளந்து இனம் பிரித்த காலம் அது. டுட்சிகள் வடக்கிலிருந்து வந்த உயர்ந்த இனம், ஆளப் பிறந்தவர்கள் என்று பாதிரிமாரும் அதிகாரிகளும் எழுதிவைத்தார்கள். ஊர்த் தலைவர் பதவியும் நல்ல பள்ளிக்கூடமும் பெரும்பாலும் அவர்களுக்கே போயின. 1933-34இல் குடிக்கணக்கு எடுத்து, ஆளுக்கொரு அட்டை கொடுத்து, தகப்பன் எதுவோ பிள்ளையும் அதுவே என்று முடிவு கட்டினார்கள். 1950களின் இறுதியில் டுட்சி மேல்தட்டினர் சுதந்திரம் கேட்கத் தொடங்கியதும் அதே பெல்ஜியம் ஹூட்டுப் பெரும்பான்மையின் பக்கம் சாய்ந்தது. 1959இல் கலவரம். பல்லாயிரம் டுட்சிகள் உகாண்டாவுக்கும் புருண்டிக்கும் ஓடினார்கள். 1962 ஜூலை 1 அன்று சுதந்திரம் வந்தது.

வெள்ளைக்காரன் போனான், அட்டை போகவில்லை. புதிய ஹூட்டு அரசு அதைப் பத்திரமாக வைத்துக்கொண்டது. பள்ளிச் சேர்க்கையிலும் அரசு வேலையிலும் டுட்சிகள் தங்கள் விகிதத்துக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ள அது உதவியது.

இந்த இடத்தில் தமிழ் வாசகருக்கு ஓர் உறுத்தல் வரும். நம் வீட்டுப் பீரோவிலும் சாதிச் சான்றிதழ் இருக்கிறது. அது இல்லாமல் கல்லூரி இல்லை, வேலை இல்லை. தலைமுறை தலைமுறையாக மறுக்கப்பட்டதைக் கேட்டு வாங்க அந்தக் காகிதம் வேண்டியிருக்கிறது. ஆகவே பிறப்பைப் பதியும் பட்டியலெல்லாம் கொலைப் பட்டியல் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் வேறு கணக்கோடு வருகிறவர்கள். ஆனால் ஓர் அரசு எந்தக் காரணத்துக்காக எழுதிவைத்த தகவலும் அடுத்த அரசின் கைக்குப் போகும். அந்த அரசு எப்படிப்பட்டதாக இருக்கும் என்பது எழுதுகிற அன்று தெரியாது. அறுபது ஆண்டு பள்ளிச் சேர்க்கைக்குக் கேட்கப்பட்ட அட்டையைத்தான் 1994இல் தெருமுனையில் கேட்டார்கள்.

மலை மலையாக வந்த உத்தரவு

1994இல் ருவாண்டா 11 மாகாணங்களாகவும் 145 கம்யூன்களாகவும் பிரிந்திருந்தது. கம்யூனுக்குக் கீழே வட்டம், அதற்கும் கீழே பகுதி, கடைசியில் பத்து வீட்டுக்கு ஒரு பொறுப்பாளர். இவ்வளவு நெருக்கமான நிர்வாகம் ஆப்பிரிக்காவில் வேறெங்கும் அரிது. வாரந்தோறும் ஊர்கூடிச் சாலை போடவும் வாய்க்கால் வெட்டவும் மக்களைத் திரட்டும் கட்டாய உழைப்பு முறையும் இருந்தது. யார் வந்தார், யார் வரவில்லை என்று குறித்துக்கொள்வார்கள். ஏப்ரலில் அதே பொறுப்பாளர்கள் அதே வீடுகளுக்குப் போய் ஆண்களைக் கூப்பிட்டார்கள். கூட்டங்களில் கொலையைக் கொலை என்று சொல்லவில்லை, ‘வேலை’ என்றார்கள். வராதவர் பெயரைக் குறித்துக்கொண்டார்கள், அபராதம் போட்டார்கள்.

அமெரிக்க வரலாற்றாய்வாளர் அலிசன் தெ ஃபோர்ஜ் இந்தக் காகிதங்களைத் தேடி எடுத்தவர். இளவயதில் ருவாண்டா மன்னராட்சி பற்றி முனைவர் பட்டம் செய்தவர், மொழி தெரிந்தவர். புட்டாரே மாகாண, கம்யூன் அலுவலகங்களில் கிடந்த கூட்டக் குறிப்புகளையும் சுற்றறிக்கைகளையும் கடிதங்களையும் அவரது குழு வரி வரியாகப் படித்தது. ஊரில் பிணம் விழுந்துகொண்டிருந்த வாரங்களிலும் கடிதப் போக்குவரத்து ஓடிக்கொண்டிருந்தது. 1993 ஜனவரியிலிருந்து 1994 மார்ச் வரை இறக்குமதி உரிமம் பெற்று வந்த வெட்டுக்கத்திகள் 581 டன் என்ற கணக்கும் அவர் 1999இல் வெளியிட்ட பெருநூலில் இருக்கிறது. விவசாய நாட்டில் கத்தி வாங்குவது எளிதில் சந்தேகத்தைக் கிளப்பாது.

புட்டாரேயின் கதையை மட்டும் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். தெற்கே உள்ள பல்கலைக்கழக ஊர். நாட்டிலேயே ஒரே டுட்சி மாகாணத் தலைவர் அங்கேதான் இருந்தார், ஜான் பப்டீஸ்ட் ஹப்யாலிமானா. பெயர் அதிபர் பெயரைப் போல ஒலிக்கும், ஆள் வேறு. விமானம் விழுந்து பத்து நாளுக்கு மேல் ஆகியும் அவர் தம் மாகாணத்தைப் பெரும்பாலும் கட்டுக்குள் வைத்திருந்தார். வேறு பகுதிகளிலிருந்து தப்பி வந்தவர்கள் புட்டாரேயை நம்பி வந்தார்கள். ஏப்ரல் 17 அன்று அவர் பதவிநீக்கம் வானொலியில் அறிவிக்கப்பட்டது. 19ஆம் தேதி இடைக்கால அதிபர் தியோடோர் சிந்திகுப்வாபோ நேரில் வந்தார். அவர் சொந்த ஊர் அதுவே, தொழிலால் மருத்துவர். புதிய தலைவரின் பதவியேற்பு மேடையில் பேசினார். ‘எனக்கென்ன’ என்று ஒதுங்கி நிற்பவர்களைச் சாடினார். மறுநாள் பழைய மன்னரின் விதவை ரோசலி கிகாண்டா வீட்டிலிருந்து இழுத்துச் செல்லப்பட்டுக் கொல்லப்பட்டார். பிறகு ஊர் முழுவதும். பதவி போன ஹப்யாலிமானாவையும் கொன்றுவிட்டார்கள்.

வெறி தானாக வெடித்திருந்தால் ஓர் அதிகாரியை மாற்றுகிற வரை அது ஏன் காத்திருந்தது?

முன்பு 1959இலும் 1963இலும் மாதா கோயிலுக்குள் ஓடி ஒளிந்தவர்கள் தப்பியிருந்தார்கள். அந்த நினைவில்தான் 1994லும் கோயிலுக்குப் போனார்கள். பல ஊர்களில் அதிகாரிகளே அங்கே போங்கள், பாதுகாப்பு தருகிறோம் என்று அனுப்பிவைத்தார்கள். முராம்பியில் கட்டி முடிக்காத தொழிற்பள்ளிக்குள் பல்லாயிரம் பேரைச் சேர்த்து, தண்ணீரை நிறுத்தி, ஏப்ரல் 21 விடியற்காலையில் சுற்றி வளைத்தார்கள்.

தாபாவின் தலைவரும் டர்பன் நீதிபதியும்

ஜான் பால் அகாயேசு பள்ளி ஆசிரியராக இருந்தவர், பிறகு கல்வி ஆய்வாளர். 1993இல் தாபா என்ற கம்யூனின் தலைவரானார். நம் கணக்கில் ஒன்றியத் தலைவர், தாசில்தார், காவல் ஆய்வாளர் மூன்றும் சேர்ந்த நாற்காலி அது. ஊரில் மரியாதை உள்ள மனிதர். கொலைகள் தொடங்கிய முதல் நாட்களில் அவர் வெளியூர் கும்பலைத் தடுத்தார், காவலர் உதவி கேட்டார். ஏப்ரல் 18 அன்று இடைக்காலப் பிரதமர் கம்யூன் தலைவர்களைக் கூட்டினார். அந்தக் கூட்டத்திலிருந்து திரும்பிய அகாயேசு வேறு ஆள். மறுநாள் விடியலில் ஊர் நடுவே நின்று எதிரியை ஒழிக்கச் சொன்னார். தாபாவில் மட்டும் குறைந்தது 2,000 டுட்சிகள் கொல்லப்பட்டார்கள் என்பது குற்றப்பத்திரிகை.

1995இல் ஜாம்பியாவில் பிடிபட்டு, தான்சானியாவின் அருஷாவில் ஐ.நா. அமைத்த சர்வதேசத் தீர்ப்பாயத்தில் நிறுத்தப்பட்டார். மூன்று நீதிபதிகளில் ஒருவர் நவநீதம் பிள்ளை. டர்பனில் ஏழைத் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் 1941இல் பிறந்தவர், தகப்பனார் பேருந்து ஓட்டுநர். தென்னாப்பிரிக்காவில் 1950ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொருவரும் இன்ன இனம் என்று பதிவேட்டில் எழுதப்பட்டிருந்தது. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், எந்தப் பள்ளியில் படிக்கலாம் என்பதையெல்லாம் அந்தப் பதிவுதான் தீர்மானித்தது. ருவாண்டாவின் அட்டையை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

வழக்கு தொடங்கும்போது அகாயேசு மீது பாலியல் வன்முறைக் குற்றச்சாட்டே கிடையாது. பெயர் மறைத்து எழுத்துகளால் மட்டும் அழைக்கப்பட்ட சாட்சிகளில் ஒருவர், வேறு எதையோ சொல்லிக்கொண்டிருக்கையில், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் மேலே கேட்டார்கள். அடுத்தடுத்து வந்த பெண்கள், கம்யூன் அலுவலக வளாகத்திலேயே, அடைக்கலம் தேடி வந்த இடத்திலேயே நடந்ததைச் சொன்னார்கள். 1997 ஜூனில் குற்றப்பத்திரிகை திருத்தப்பட்டது. 1998 செப்டம்பர் 2 அன்று தீர்ப்பு. இனப்படுகொலைக்காக ஒரு சர்வதேச நீதிமன்றம் விசாரித்து ஒருவரைக் குற்றவாளி என்று சொன்னது அதுவே முதல் முறை. ஓர் இனத்தை அழிக்கும் நோக்கோடு நடக்கும் வன்புணர்ச்சியும் இனப்படுகொலைச் செயலே என்று சட்டத்தில் ஏறியதும் அங்கேதான். அதுவரை போர் என்றால் அதெல்லாம் நடக்கும் என்று ஒதுக்கிவைத்திருந்தார்கள்.

அகாயேசுவுக்கு ஆயுள் தண்டனை. எனக்கு அதிகாரமே இல்லை, நானே பயந்துபோயிருந்தேன் என்பது அவர் வாதம். முதல் பத்து நாள் அவர் தடுத்தார் என்பதுதான் அந்த வாதத்தை உடைத்தது.

ஒரு ஃபேக்ஸ்

1994 ஜனவரி 11. கிகாலியில் ஐ.நா. அமைதிப்படைக்குத் தலைமை தாங்கிய கனடா ஜெனரல் ரோமியோ டலேர் நியூயார்க்குக்கு ஒரு ஃபேக்ஸ் அனுப்பினார். ஆளுங்கட்சியின் இளைஞர் படைக்குப் பயிற்சி தரும் ஒருவன் ரகசியமாகச் சொன்ன தகவல் அதில் இருந்தது. கிகாலியில் உள்ள டுட்சிகள் அனைவரையும் பட்டியல் எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள். அழிப்பதற்காகத்தான் என்று அவன் சந்தேகிக்கிறான். அவன் ஆட்கள் 20 நிமிடத்தில் 1,000 பேரைக் கொல்ல முடியும். ஆயுதக் கிடங்கு எங்கே என்றும் காட்டத் தயார். 36 மணி நேரத்துக்குள் கிடங்கைக் கைப்பற்றப் போகிறேன் என்று எழுதியிருந்தார் டலேர்.

வேண்டாம் என்று பதில் வந்தது. உங்களுக்கு இட்ட பணியில் அது அடங்காது. தகவலை அதிபர் ஹப்யாரிமானாவிடமும் மூன்று நாட்டுத் தூதர்களிடமும் சொல்லுங்கள் என்றார்கள். யாருடைய கட்சி ஆயுதம் சேர்க்கிறதோ அவரிடமே போய்ச் சொல்லச் சொன்ன பதில் அது. அந்தக் காலத்தில் ஐ.நா. அமைதிப்படைப் பிரிவின் தலைவர் கோபி அன்னான். பின்னாளில் பொதுச்செயலாளராக அவரே சுயேச்சை விசாரணைக் குழு அமைத்து, 1999இல் வந்த அறிக்கையை ஏற்றுக்கொண்டார்.

ஏப்ரலில் 10 வீரர்களை இழந்த பெல்ஜியம் படையைத் திருப்பி அழைத்தது. ஏப்ரல் 21 அன்று, முராம்பி வீழ்ந்த அதே நாள், பாதுகாப்புச் சபை கூடி அமைதிப்படையை 270 பேராகக் குறைக்க முடிவெடுத்தது. அந்த ஆண்டு பாதுகாப்புச் சபையின் தற்காலிக உறுப்பினர்களில் ருவாண்டாவும் ஒன்று. கொலை நடத்திய அரசின் பிரதிநிதி மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இனப்படுகொலை என்று வாய்திறந்து சொன்னால் 1948ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி ஏதாவது செய்தாக வேண்டியிருக்குமே என்று வாஷிங்டன் அதிகாரிகள் வாரக்கணக்கில் சொல்லைத் தவிர்த்தார்கள். தகவல் போதவில்லை என்பது பின்னாளில் சொன்ன சமாதானம். அவர்கள் உளவுத்துறைக் குறிப்புகளே வெளிவந்த பிறகு அது நிற்கவில்லை.

டலேர் போகவில்லை. கானா நாட்டு வீரர்களும் பெருமளவு தங்கினார்கள். செஞ்சிலுவைச் சங்கத்தின் மருத்துவமனை கிகாலியில் கடைசி வரை திறந்திருந்தது. செனகல் நாட்டுக் கேப்டன் ம்பாயே ஜாங் ஐ.நா.வின் ஆயுதமில்லாப் பார்வையாளர். மறியல்களில் சிகரெட் நீட்டி, சிரிப்புக் காட்டி, ஜீப்பில் ஒரு தடவைக்கு நாலைந்து பேராகக் கடத்திக் காப்பாற்றினார். நூற்றுக்கணக்கானோர் அவரால் பிழைத்தார்கள் என்கிறார்கள். மே 31 அன்று பீரங்கிக் குண்டுச் சிதறலில் இறந்தார். அவருக்கு அப்படிச் செய்ய உத்தரவு கிடையாது.

வானொலி மட்டும்தானா?

ருவாண்டா என்றதும் எல்லோரும் சொல்வது ஆர்.டி.எல்.எம். வானொலி. 1993 ஜூலையில் தொடங்கியது. நல்ல பாட்டு, அரட்டை, கிண்டல். அரசு வானொலியின் வறட்டுத்தனத்தில் சலித்தவர்கள் அதை விரும்பிக் கேட்டார்கள். டுட்சிகளைக் கரப்பான் என்றது அந்த வானொலி. ஏப்ரலுக்குப் பின் ஆட்களின் பெயர், ஒளிந்திருக்கும் இடம், கார் எண் வரை சொன்னது. அதை நிறுவியவர்களில் ஒருவர் ஃபெர்டினான் நஹிமானா, தேசியப் பல்கலைக்கழகத்தின் வரலாற்றுப் பேராசிரியர். வரலாறு படித்தால் மனிதன் பக்குவப்பட்டுவிடுவான் என்று கல்லூரி விழாக்களில் பேசுகிறவர்கள் இந்தப் பெயரைக் குறித்துவைத்துக்கொள்ளலாம். 2003 டிசம்பரில் நஹிமானா உள்ளிட்ட மூன்று ஊடகக்காரர்களைக் குற்றவாளிகள் என்று சொன்ன அமர்வுக்கும் நவநீதம் பிள்ளையே தலைமை. மேல்முறையீட்டில் சில குற்றச்சாட்டுகள் நீங்கி நஹிமானாவுக்கு 30 ஆண்டானது.

ஆனால் வானொலியை எல்லாவற்றுக்கும் காரணமாக்குவதில் ஓர் ஆபத்து உண்டு. கேட்டவனெல்லாம் பொம்மை போல் கத்தி எடுத்தான் என்றாகிவிடும். அமெரிக்க அரசியல் அறிஞர் ஸ்காட் ஸ்ட்ராஸ் சிறைகளில் தண்டனைக் கைதிகள் 210 பேரிடம் பேசினார். பெரும்பாலோர் சாதாரண விவசாயிகள். டுட்சிகள்மீது தீராத பகை கொண்டிருந்தவர்கள் அவர்களில் குறைவு. டுட்சிப் பக்கத்து வீட்டாரோடு நன்றாகவே பழகியவர்கள் அதிகம். 1990இலிருந்து டுட்சி கிளர்ச்சிப் படையோடு எல்லையில் நடந்த போர் பற்றிய பயம், அதிபர் கொலைக்குப் பின் வந்த பீதி, மேலிருந்து வந்த உத்தரவு இவற்றோடு, வீட்டு வாசலில் வந்து நின்று ‘நீ வருகிறாயா இல்லையா’ என்று கேட்ட பக்கத்து வீட்டு ஆண்களையே அவர்கள் அதிகம் சொன்னார்கள்.

இதற்கு மறுபக்கம் கிதி. வடக்கே பியூம்பா மாகாணத்தில் ஒரு கம்யூன். அங்கும் அதே அட்டை, அதே வானொலி, அதே பத்து வீட்டுப் பொறுப்பாளர். இனப்படுகொலை நடக்கவில்லை. தலைவர் எதுவார் செபுஷும்பா முதல் நாட்களிலேயே அத்துமீறியவர்களைப் பிடித்து அடைத்தார். அவருக்குக் காலமும் உதவியது. டுட்சி கிளர்ச்சிப் படையான ஆர்.பி.எஃப். அப்பகுதிக்குச் சீக்கிரமே வந்துவிட்டது. அகாயேசுவுக்குப் பத்து நாள் போதவில்லை, செபுஷும்பாவுக்குப் போதியது என்று ஒருவர் சொன்னால் மறுக்க முடியாது. ஆனாலும் ஒரு கீழ்மட்ட அதிகாரி உத்தரவை இழுத்தடித்தாலே எத்தனை உயிர் மிஞ்சும் என்பதற்குக் கிதி சாட்சி.

வாக்காளர் பட்டியலோடு வந்தவர்கள்

காகிதம் பிடித்துக்கொண்டு கொலைக்கு வருவது நமக்குத் தெரியாத காட்சி அல்ல. 1983 ஜூலையில் கொழும்புத் தெருக்களில் கும்பல்கள் தமிழர் வீடுகளையும் கடைகளையும் வாக்காளர் பட்டியல் பார்த்து அடையாளம் கண்டன. 1984 நவம்பரில் டெல்லியில் சீக்கியர் வீடுகளைத் தேடியவர்கள் கையிலும் வாக்காளர் பட்டியலும் ரேஷன் பட்டியலும் இருந்தன. வாக்குரிமைக்காகவும் அரிசிக்காகவும் எழுதிய பெயர்கள் அவை.

இலங்கைப் போரின் இறுதிக் கட்டத்தில், 2008 செப்டம்பரில், கிளிநொச்சியிலிருந்து ஐ.நா. அலுவலகம் வெளியேறியது. போகாதீர்கள் என்று மக்கள் வாசலில் நின்று கெஞ்சினார்கள். அடுத்த எட்டு மாதத்தில் வன்னியில் நடந்ததைப் பற்றி ஐ.நா. தன் நடத்தையைத் தானே ஆராய்ந்த அறிக்கை, சார்ல்ஸ் பெட்ரி தலைமையில் 2012 நவம்பரில் வந்தது. கொலைகளைத் தடுப்பது தங்கள் பொறுப்பு என்றே பல மூத்த அதிகாரிகள் கருதவில்லை என்கிறது அது. இறந்தோர் எண்ணிக்கையைக் கொழும்பில் இருந்த ஐ.நா. அலுவலர்கள் திரட்டியிருந்தார்கள், அது வெளியிடப்படவில்லை. அங்கு நடந்தது இனப்படுகொலை என்று வடக்கு மாகாண சபை 2015 பிப்ரவரியில் தீர்மானம் போட்டது. அதே ஆண்டு வந்த ஐ.நா. மனித உரிமை அலுவலக விசாரணை அறிக்கை போர்க்குற்றம், மானுட விரோதக் குற்றம் வரை போனது, இனப்படுகொலை என்ற சொல்லைத் தொடவில்லை. ‘அழிக்கும் நோக்கம்’ என்பதை நிறுவுவதுதான் இந்தக் குற்றத்தில் ஆகக் கடினமான பகுதி. நோக்கத்தை யாரும் எழுதிக் கையெழுத்துப் போட்டு வைப்பதில்லை. ருவாண்டா வழக்கில் அதைப் பேச்சுகளிலிருந்தும் நடந்த செயல்களிலிருந்தும்தான் நீதிபதிகள் முடிவு செய்தார்கள்.

தடுக்கும் கடமை எப்போது பிறக்கிறது என்பதற்குச் சர்வதேச நீதிமன்றம் 2007இல் போஸ்னியா வழக்கில் பதில் சொன்னது. கொலை நடந்து முடிந்து, இது இன்னதுதான் என்று நிரூபணமாகும் வரை காத்திருக்க முடியாது. கடுமையான ஆபத்து இருக்கிறது என்று ஓர் அரசுக்குத் தெரிந்த கணத்திலேயே, தெரிந்திருக்க வேண்டிய கணத்திலேயே கடமை தொடங்கிவிடுகிறது. ரோஹிங்கியா மக்களுக்காக மியான்மர் மீது காம்பியா 2019இலும், காஸா தொடர்பாக இஸ்ரேல் மீது தென்னாப்பிரிக்கா 2023இலும் போட்ட வழக்குகள் 1948ஆம் ஆண்டு இனப்படுகொலை உடன்படிக்கையின் பேரில் போட்டவை. இரண்டிலும் நீதிமன்றம் இடைக்கால உத்தரவு போட்டது. உத்தரவைக் கேட்க வைக்கும் படை அதனிடம் இல்லை.

நினைவுக்கும் ஓர் அரசு உண்டு

இன்றைய ருவாண்டா அட்டையில் அந்த வரி இல்லை. அருஷா தீர்ப்பாயம் 93 பேர் மீது குற்றம் சாட்டி, 2015 இறுதியில் மூடப்பட்டது. மீதியைக் ககாசா என்ற ஊர்ப் பஞ்சாயத்து நீதிமன்றங்கள் புல்தரையில் அமர்ந்து விசாரித்தன. 2012இல் முடிவதற்குள் கிட்டத்தட்ட 19 லட்சம் வழக்குகள். உண்மை வெளிவந்தது, பொய்ப் புகாரும் வந்தது, சாட்சிகள் மிரட்டப்பட்டார்கள். நூறாண்டில் முடியாத வேலையைப் பத்தாண்டில் முடித்தார்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். முராம்பி உள்ளிட்ட நான்கு நினைவிடங்களை 2023இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஆனால் கொலையை நிறுத்திய ஆர்.பி.எஃப். படையும் 1994இலும் பிறகு காங்கோவிலும் ஹூட்டு மக்களைக் கொன்றது. காங்கோவில் நடந்ததை ஐ.நா.வின் 2010ஆம் ஆண்டு அறிக்கை விரிவாகப் பதிந்திருக்கிறது. அந்தப் பிணங்களுக்காக ருவாண்டாவில் வெளிப்படையாக அழ முடியாது. 2010இல் எதிர்க்கட்சித் தலைவர் விக்டோர் இங்காபிரே கிகாலி நினைவிடத்துக்குப் போய், ஹூட்டுகளிலும் இறந்தவர்கள் இருக்கிறார்கள் என்று பேசினார். கைதாகி, சதி, இனப்படுகொலையைச் சிறுமைப்படுத்தல் போன்ற குற்றச்சாட்டுகளில் கடைசியில் 15 ஆண்டு தண்டனை பெற்றார். 2018இல் விடுதலையானார். இரண்டு கொலைகளும் அளவில் ஒன்றல்ல, நோக்கத்தில் ஒன்றல்ல. அப்படிச் சமன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், அவர்களை நம்பக் கூடாது. ஒரு படுகொலையின் நினைவைக் காக்க வந்த சட்டம் வாயடைக்கும் சட்டமாகவும் வளையும் என்பதையும் மனித உரிமை மாணவர் இதே நாட்டில்தான் படிக்கிறார்.

இந்தியாவின் நிலை இது. இனப்படுகொலைத் தடுப்பு உடன்படிக்கையில் 1949இல் கையெழுத்திட்டது, 1959இல் உறுதிசெய்தது. குற்றத்தை உள்நாட்டுச் சட்டத்தில் சேர்ப்போம் என்பது அந்தக் கையெழுத்தில் அடங்கிய வாக்கு. 1984 டெல்லிப் படுகொலை வழக்கில் காங்கிரஸ் முன்னாள் எம்.பி. சஜ்ஜன் குமாருக்கு 2018 டிசம்பர் 17 அன்று ஆயுள் தண்டனை விதித்தபோது, மானுட விரோதக் குற்றமோ இனப்படுகொலையோ நம் குற்றவியல் சட்டத்தில் இடம்பெறவே இல்லை, இந்த ஓட்டையை உடனே அடைக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் எழுதியது. அரசுக் கணக்கில் டெல்லியில் மட்டும் 2,733 பேர் இறந்து 34 ஆண்டுக்குப் பின் வந்த வரி அது. பிறகு நாடு தன் தண்டனைச் சட்டத்தை முழுவதுமாக மாற்றி எழுதியது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் 358 பிரிவுகள் உள்ளன. இனப்படுகொலைக்கு அதில் ஒரு பிரிவும் இல்லை.